ஸ்மார்ட் போர்டு வந்த பெட்டி

விளையாட்டு வழிக் கற்றலைப் பற்றி உங்களுக்குப் பயிற்சி நடக்கிறதாம். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, பிள்ளைகள் ஓடியாடுவது எவ்வளவு முக்கியம் என்று திரையில் பார்க்கிறீர்களாம். மதியத்துக்கு மேல் தூக்கம் வருகிறதாம். வராமல் என்ன செய்யும்? ரிட்டையர் ஆன தலைமையாசிரியை என்று என்னையும் ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டார்கள். பேசினால் யாருக்காவது கோபம் வரும், எழுதித் தருகிறேன் என்றேன். எழுதினாலும் வரும். வரட்டும்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையும் நான்தான், ஒன்றாம் வகுப்பு டீச்சரும் நான்தான். விளையாட்டு வழிக் கற்றல் என்று உத்தரவு வந்ததும் எல்லாரையும் முந்திக்கொண்டு அதைச் செய்தவள் நான். பிள்ளைகள் வரிசையாக உட்கார வேண்டும். நான் கை தட்டியதும் விளையாட ஆரம்பிக்க வேண்டும். மறுபடி தட்டினால் நிறுத்த வேண்டும். ஒரே ஒரு விதி: "சத்தம் போடாம வெளையாடுங்க." பதினான்கு பிள்ளைகள், எல்லாருக்கும் ஐந்து ஆறு வயது. அவர்களிடம் இதைச் சொல்லிவிட்டு, நடக்கும் என்று நம்பிய மூளை என்னுடையது.

வண்ணக் கட்டைகள், பொம்மைகள் என்று ஒரு மூட்டை வந்து இறங்கியது. பிள்ளைகள் கை பட்டால் அழுக்காகிவிடும் என்று பீரோவில் வைத்துப் பூட்டினேன். போட்டோ அனுப்பச் சொல்கிற நாளில் எடுத்து, ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்து, சிரிக்கச் சொல்லி, படம் பிடித்து அனுப்பிவிட்டு மறுபடியும் பூட்டிவிடுவேன். ஒரு நாள் நான் கேட்பதற்கு முன்பே ஒரு குட்டிப் பெண் எழுந்து வந்து, "போட்டோ எடுத்தாச்சுல்ல டீச்சர், இந்தாங்க" என்று கட்டையை நீட்டினாள். எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று தட்டிக்கொடுத்தேன். வெட்கக்கேடு. அவள் பெயர் கனிஷ்கா. நான் சொல்ல வந்தது அவளைப் பற்றித்தான்.

பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டும் வந்தது. இன்டர்நெட் வரவில்லை. அதனால் போர்டு துணியைப் போர்த்திக்கொண்டு சுவரில் கிடந்தது. ஆனால் அது வந்த அட்டைப்பெட்டிக்கு ஓய்வே கிடையாது. நல்ல நீளம், ஒரு பிள்ளை காலை நீட்டிப் படுக்கலாம். காலைச் சாப்பாட்டுக்கும் பள்ளி மணிக்கும் நடுவில் கிடைக்கிற பத்து நிமிஷத்தில் அது பஸ் ஆகும், பூ மூட்டை ஏற்றுகிற குட்டியானை வண்டி ஆகும், ஆஸ்பத்திரிக் கட்டில் ஆகும். யார் டிரைவர், யார் நோயாளி, யாருக்கு ஜன்னலோரம் என்று முடிவு செய்வது கனிஷ்காதான். "டேய், எறங்குடா. ஒன் ஸ்டாப்பு வந்துருச்சு" என்பாள். எவ்வளவு பெரிய ரவுடிப் பயலும் இறங்கிவிடுவான். சண்டை, சமாதானம், எண்ணிக்கை, பேச்சு எல்லாம் அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் நடந்தது. நான் மணியடித்து, அவர்களைப் பெட்டியிலிருந்து விரட்டி வரிசையில் உட்கார வைத்துவிட்டு, "ம், இப்ப வெளையாடலாம்" என்பேன்.

கனிஷ்காவின் அப்பாவுக்கு வளைகுடாவில் டிரைவர் வேலை. ஒரு நாள் ராத்திரி படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உடம்பு ஊருக்கு வந்து சேர நாளாகிவிட்டது. திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து ஆம்புலன்ஸில், மரப்பெட்டியில் வந்தார். பெட்டி வருவதற்கு முதல் நாளே கனிஷ்காவை மணமேல்குடிப் பக்கம் அவளுடைய தாய்மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பச்சைப்பிள்ளை பார்க்க வேண்டாமாம். ஆனால் ஊரில் இருந்த மற்ற பச்சைப்பிள்ளைகள் எல்லாம், அதாவது என் வகுப்பின் மற்ற பதின்மூன்று பேரும், அம்மாக்களின் இடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பெற்ற மகள் ஒருத்திதான் பார்க்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு அவளைக் கூட்டிவந்து, "அப்பாவுக்கு லீவு கெடைக்கல, அடுத்த வருசம் வருவாரு" என்று சொல்லிவிட்டார்கள்.

அதோடு விட்டார்களா? அவள் அம்மாவுக்கு ஒரு வேலை வைத்தார்கள் பாருங்கள். மகளுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று அவள் முன்னால் பொட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஊர் பேசக்கூடாது என்று வெளியே அழித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பெண் தினமும் காலையில் பொட்டோடு மொபெட்டில் வந்து மகளைப் பள்ளியில் இறக்கிவிடுவாள். திரும்பிப் போகும்போது தெருமுனையில் வண்டியை நிறுத்தி முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொள்வாள். பள்ளி வாசலில் நின்றால் அது தெரியும். நான் தினமும் பார்த்தேன்.

இத்தனை ஜாக்கிரதையாக மறைத்தவர்கள் பஸ் ஸ்டாப்பில் ஆளுயரத்துக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். அப்பாவின் படத்துக்கு எங்கிருந்தோ ஒரு கோட்டு சூட்டை ஒட்டி, இரண்டு பக்கமும் விளக்கு எரிய விட்டிருந்தார்கள். கனிஷ்கா தினமும் அதைத் தாண்டித்தான் வருவாள். "டீச்சர், பேனர்ல எங்கப்பா கோட்டு போட்டுருக்காரு" என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான், "ஆமா, நல்லா இருக்காருல்ல" என்றேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது என்று ஊர் நம்பியது. சொல்லிக்கொடுக்கிற நானும் நம்பினேன் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அவளுடைய பெரியப்பா பள்ளிக்கு வந்து என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். "புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க டீச்சர். நீங்களும் காட்டிக்கிற வேணாம். வெவரம் தெரியுற வயசுல நாங்களே சொல்லிக்கிறோம்" என்றார். நான் மண்டையை ஆட்டினேன். அவ்வளவோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் எதையும் முறையாகச் செய்கிறவள் ஆயிற்றே! கனிஷ்கா ஊரிலிருந்து திரும்புவதற்கு முதல் நாள், மற்ற பதின்மூன்று பேரையும் எழுந்து நிற்க வைத்து, "கனிஷ்காகிட்ட அவங்க அப்பாவப் பத்தி யாரும் ஒரு வார்த்த பேசக்கூடாது. பேசுனா முட்டி போட வப்பேன்" என்றேன். எல்லாரும் வாயைப் பொத்திக் காட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

என்ன நடந்தது தெரியுமா? அந்தப் பிள்ளைகள் அவளோடு பேசுவதையே விட்டுவிட்டார்கள். எந்த வார்த்தை வாயிலிருந்து தவறி விழும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஆறு வயதில் ரகசியம் காப்பாற்ற அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி, கிட்டே போகாமல் இருப்பது. அவள் பெட்டிக்குப் பக்கத்தில் வந்தால் இவர்கள் கலைந்துவிடுவார்கள். இரண்டு நாள் தனியாகப் பெட்டிக்குள் உட்கார்ந்து பார்த்தாள். மூன்றாம் நாள் அவளும் விட்டுவிட்டாள். காலைச் சாப்பாடு சமைக்கிற அம்மா ஒரு நாள் என்னிடம் வந்து, "அந்தப் புள்ள தட்ட வச்சுக்கிட்டு ஒத்தையில ஒக்காந்திருக்கு டீச்சர். மத்ததெல்லாம் ஏன் தள்ளித் தள்ளி ஒக்காருதுக?" என்று கேட்டாள். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அவளுக்குக் கண் தெரிந்தது. நான் டபுள் டிகிரி. "பழகிரும்" என்று சொல்லிவிட்டு, கனிஷ்காவின் பதிவேட்டில் ஒரு வரி எழுதினேன்: குழு விளையாட்டில் பங்கேற்பதில்லை. நோயைக் கொடுத்ததும் நான், ரிப்போர்ட் எழுதியதும் நான்.

இப்படி ஒரு மாதம் ஓடியிருக்கும். எங்கள் விளையாட்டு மூலையைப் பார்க்க மாவட்டத்திலிருந்து ஒரு மேடம் வருகிறார் என்று தகவல் வந்தது. மூன்று நாள் ஒத்திகை பார்த்தோம். ஆமாம், பிள்ளைகள் தானாக விளையாடுவதற்கு மூன்று நாள் ஒத்திகை. காய்கறிக் கடை. ஆளுக்கு ஒரு லேமினேட் அட்டை. "நான் தக்காளி. என் நிறம் சிவப்பு" என்று ஒருவன் சொல்லி முடித்ததும் அடுத்தவள் கத்திரிக்காய். கனிஷ்காவுக்கு நான் காய் எதுவும் கொடுக்கவில்லை. கூட்டத்தில் சேராத பிள்ளை, நடுவில் நின்று படத்தைக் கெடுத்துவிடுவாள் என்று பின்னால் உட்கார வைத்தேன். அட்டைப்பெட்டியைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்தேன்.

மேடம் வந்தார். சின்ன வயசு, நல்ல மாதிரிதான். வந்ததும் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்துவிட்டார். தக்காளி, கத்திரிக்காய், வெண்டைக்காய் எல்லாம் ஒப்பித்து முடிந்தது. கை தட்டினார். அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். "சூப்பர் டீச்சர். இப்ப அவங்களுக்குப் பிடிச்சத வெளையாடச் சொல்லுங்க. ஃப்ரீ பிளே." பிள்ளைகள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். பிடித்ததை விளையாடுவதற்கு என்ன வசனம் என்று அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கவில்லையே. முகிலன் என்கிற பையன் மட்டும் பயத்தில் மறுபடியும், "நான் தக்காளி" என்றான்.

அப்போதுதான் கனிஷ்கா எழுந்தாள். நேராகப் பீரோவுக்குப் பின்னால் போய்ப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். நடு வகுப்பில் போட்டாள். "டேய் முகிலா, நீ ஆம்புலன்ஸ் டிரைவரு. ஏர்போர்ட்டுலேருந்து வா."

மேடம் உற்சாகமாகி, "ஆம்புலன்ஸா? நமக்கு உதவுபவர்கள் தீம்! பிரமாதம்" என்று போனை அந்தப் பக்கம் திருப்பினார். முகிலன் நகரவில்லை. "வேணாம்டி. டீச்சர் முட்டி போட வப்பாங்க" என்றான்.

"எதுக்கு முட்டி?" என்று மேடம் என்னைப் பார்த்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நிறுத்தினால் மேடத்துக்கு என்னவோ விஷயம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நிறுத்தாவிட்டால் பெரியப்பாவுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். இந்த இரண்டையும்தான் நான் யோசித்தேன். அந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. என் மானம் ஒரு தட்டில், என் வாக்கு ஒரு தட்டில். வாக்குதான் கனத்தது. "கனிஷ்கா! பெட்டிய அங்கிட்டு வையி!" என்று கத்த வாயெடுத்தேன். பாதிதான் வந்தது.

காலித் தட்டுகளை எடுக்க வந்த சமையல்காரம்மா வாசலில் நின்றாள். "வாயத் தொறக்காதீங்க டீச்சர்" என்றாள். இருபது வருஷமாக என்னிடம் அப்படி யாரும் பேசியதில்லை. "அது எவ்வளவு நாளா ஒத்தையில கெடக்கு. வெளையாடட்டும், விடுங்க."

நான் பிள்ளைகளைப் பார்த்து, "வெளையாடுங்க. யாரையும் முட்டி போட வைக்க மாட்டேன்" என்றேன். நம்பவில்லை. ஒருத்தி சந்தேகமாக, "சத்தம் போடலாமா டீச்சர்?" என்று கேட்டாள். "போடுங்க" என்றேன்.

போட்டார்கள் பாருங்கள்! முகிலன் வாயாலேயே சைரன் அடித்துக்கொண்டு பெட்டியைத் தள்ளி வந்தான். நான்கு பேர் ஓடிப்போய் இறக்கினார்கள். "உள்ள யாருடி படுக்குறது?" என்று ஒருத்தன் கேட்டதற்கு, "யாரும் வேணாம். மூடி வையி" என்றாள் கனிஷ்கா. ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். லேமினேட் அட்டையெல்லாம் மாலையாகிப் பெட்டி மேல் விழுந்தது. ஒரு மாதம் வாயைப் பொத்தியிருந்தவர்கள் எதையும் மறக்கவில்லை. பெட்டி எந்தப் பக்கம் தலை வைத்து இறங்கியது, யார் மயங்கி விழுந்தார்கள், யார் சோடா கொடுத்தார்கள் எல்லாம் அப்படியே நடந்தது. கனிஷ்கா எதிலும் சேராமல் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பறம் என்ன செஞ்சாங்க?"

"அப்பறம் பொட்டியத் தொறந்தாங்க. எல்லாரும் பாத்தோம்."

"நானு?"

முகிலன் தலையைச் சொறிந்தான். "நீ ஊருக்குப் போயிட்டேல்ல."

"இப்ப வந்துட்டேன். வெலகுங்க எல்லாரும். நான் இன்னம் பாக்கலை."

விலகினார்கள். அவள் முட்டி போட்டு உட்கார்ந்து அட்டையின் மடிப்பைத் திறந்தாள். தலையை உள்ளே விட்டாள். வெறும் பெட்டி. ரொம்ப நேரம் தலையை எடுக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, மடிப்பை மூடி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டு எல்லாரையும் பார்த்தாள்.

"எங்கப்பாதான்" என்றாள்.

அப்புறம் எழுந்து, "ம், தூக்குங்கடா" என்று உத்தரவு போட்டாள். நாலு பேர் தூக்கினார்கள். ஒருத்தி, "பொம்பளப் புள்ளைக அங்கெல்லாம் வரக்கூடாதுடி" என்றதற்கு, "எங்கப்பாவுக்கு நான் வருவேன்" என்று முன்னால் நடந்தாள். வேப்பமரம் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன். சமையல்காரம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

மேடத்துக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும், போனை எப்போதோ பைக்குள் போட்டிருந்தார். போகும்போது என்னிடம் மெதுவாக, "டீச்சர், இத எந்தக் கற்றல் விளைவுல எழுதுறது?" என்று கேட்டார். அவரைச் சொல்லி என்ன? அவருக்கு நிரப்ப ஒரு கட்டம் இருந்தது. நான் மட்டும் என்ன கிழித்தேன்? "தக்காளியில எழுதிக்கங்க மேடம்" என்றேன்.

மதியம் சாப்பாட்டு வரிசையில் கனிஷ்கா நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டாள். முட்டையை முகிலனுக்கு ஒரு கடி கொடுத்தாள். கை கழுவிவிட்டு என் மேசைக்கு வந்தாள். என் காதைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"டீச்சர், அம்மாகிட்ட சொல்லிறாதீங்க."

"எதடா?"

"அப்பா செத்துப்போயிட்டத. அம்மாவுக்கு இன்னம் தெரியாது. பொட்டு வச்சிருக்காங்கல்ல."

இவள் எப்போதிலிருந்து தெரிந்துவைத்திருந்தாள்? பேனரில் கோட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாளே, அன்றைக்கே தெரியும். எனக்குத் தெரியுமா என்று பார்த்திருக்கிறாள். பெரியப்பா, மாமன், டீச்சர், ஊர் என்று இத்தனை பெரியவர்கள் சேர்ந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றுவதாகக் குதித்துக்கொண்டிருந்தோம். அந்தக் குழந்தை ஒரு மாதமாகத் தன் அம்மாவைத் தனியாளாகக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. எங்கள் எல்லாரையும்விட ஒழுங்காகவும் செய்திருக்கிறது.

சாயங்காலம் அவள் அம்மா வந்ததும் மகளைச் சமையல்காரம்மாவிடம் விட்டுவிட்டு, அந்தப் பெண்ணை மட்டும் வகுப்புக்குள் கூப்பிட்டேன். கனிஷ்கா சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நான் எப்படி டீச்சர் அவகிட்டச் சொல்லுவேன்? என்னன்னு சொல்லுவேன்?" என்றாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்த்தா. அவ சொல்லுவா. நீ கேட்டுக்க" என்றேன். என் சர்வீஸில் நான் உருப்படியாகச் செய்த காரியம் என்று ஒன்றைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அரை மணி கழித்து நான் பஸ் ஸ்டாப்புக்குப் போனபோது மொபெட் பேனருக்கு முன்னால் நின்றது. அம்மாவும் மகளும் இறங்கி நின்றிருந்தார்கள். கனிஷ்கா ஒரு விரலால் எழுத்தைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னாள். நான் டீக்கடைக்குள் போய்விட்டேன். பஸ் வந்தது, போனது.

மறுநாள் பெரியப்பா வந்து, "ஒரு வார்த்த சொன்னமே, காப்பாத்துனீங்களா?" என்று கத்திவிட்டுப் போனார். கத்தட்டும். அதற்கு முன்பே மொபெட் வந்து போய்விட்டது. கனிஷ்காவை இறக்கிவிட்ட அவள் அம்மா தெருமுனையில் வண்டியை நிறுத்தவில்லை, பொட்டோடு போனாள்.

கனிஷ்கா என் மேசைக்கு வந்தாள். பெரிய வேலை ஒன்றை முடித்த தோரணை. "டீச்சர், அம்மாகிட்ட நானே சொல்லிட்டேன். ரொம்ப அழுதாங்க. நான்தான் தண்ணி குடுத்தேன். பொட்ட அழிக்க வேணாம்மா, நல்லாருக்குன்னு சொன்னேன்."

நான் பீரோவைத் திறந்து கட்டைகளையெல்லாம் தரையில் கொட்டினேன். யாரும் சீண்டவில்லை. அட்டைப்பெட்டி அன்றைக்குப் பஸ்ஸாகியிருந்தது. கனிஷ்கா ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். நானும் கிட்டே போய் நின்றேன். முகிலன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டீச்சருக்கு எடமில்ல" என்றான்.